தொப்பி நிறைந்திருக்கிறது, ஐயா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ நலம்தானே? அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் நம் இருவருக்கும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். அப்பா கப்பலில் இருந்த காலத்தில் நம் வீடு கடிதத்தில்தானே ஓடியது.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அவர் நினைவு சும்மா கரைந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன். இங்கே முன்னாள் கடற்படையினர் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அதன் கூடத்தில் அப்பாவின் படத்தைத் திறந்துவைக்கச் செயலாளரிடம் பேசி முடித்துவிட்டேன். ஜூன் மாதம் விழா. நமக்குச் சம்பந்தியாக வரப்போகிறவரும் வருகிறார். அவரும் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

படத்துக்குக் கீழே பொறிக்க ஒரு வாசகம் எழுதியிருக்கிறேன்: "அலைகளை வென்ற வீரர். குடும்பத்துக்காகவே வாழ்ந்த அன்புத் தந்தை." விழா மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது. உனக்கு ஞாபகம் இருப்பதில் நல்லதாக நாலு எழுதி அனுப்பு. கூடவே ஒரு போட்டோவும் வேண்டும். முகம் தெளிவாக இருந்தால் போதும், மற்றதை ஸ்டூடியோக்காரர் பார்த்துக்கொள்வார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதனால் எழுதவில்லை. அம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது.

"அலைகளை வென்ற வீரர்" என்று படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா அலையைப் பார்த்ததே குறைவு. கப்பலின் அடிவயிற்றில், இயந்திரங்களுக்கும் கீழே, எண்ணெயும் உப்புத்தண்ணீரும் செத்த எலியும் கழிவறைக் கசிவும் வந்து சேருகிற கிடங்கு ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடம் அதில் முழங்கால் அளவு நின்றார். அதைச் சுத்தமாக வைப்பதும், எந்தக் குழாய் கசிகிறது என்று கண்டுபிடிப்பதும்தான் அவர் வேலை. ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பார். சமையலறைத் தண்ணீரா, கழிவறைத் தண்ணீரா என்று மூக்கு சொல்லிவிடும். இது உனக்குத் தெரியாததா? பெட்டிக்கடைக்காரருக்கே தெரியும்.

நல்லதாக நாலு கேட்டாய். முதலாவது, தொப்பிக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் கிடங்குக்குள் இறங்கியதும் அப்பாவுக்கு வாந்தி வந்துவிட்டது. கீழே எடுத்தால் அடுத்து இறங்குகிறவன் அதையும் அள்ள வேண்டுமே என்று தன் தொப்பியைக் கழற்றி அதில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலே அணிவகுப்புக்கு விசில் ஊதிவிட்டார்கள். எல்லோரும் தலையில் தொப்பியோடு நிற்க, இவர் மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி வந்து, "தொப்பிய ஏன் போடல?" என்று அதட்டினாராம். "தொப்பி நிறைஞ்சிருக்கு, ஐயா" என்றாராம் அப்பா. அன்றிலிருந்து கப்பலில் அவருக்குப் பெயரே "தொப்பி"தான். நமக்குச் சோறு ஊட்டும்போதுதான் இதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள்.

இரண்டாவது, அம்மாவின் கால் புண். பன்னிரண்டு வருடம், தினம் சாயங்காலம், அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்து, சீழைத் துடைத்து, குனிந்து மோந்து பார்ப்பார். "பழைய துணி வாசம்தான், ஆறுது" என்பார். வாசம் கொஞ்சம் இனித்தால் மட்டும் முகம் மாறிவிடும். சாப்பிடாமல்கூட அம்மாவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்போது அந்த வேலையை நான் செய்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்துக் கட்டிவிட்டு எழுந்து ஓடிவிடுகிறேன். குடும்பத்துக்காக வாழ்வது என்று நீ எழுதியிருக்கிறாயே, அது இந்த நாற்றம்தான். முடிந்தால் அதைப் பொறி.

மூன்றும் நான்கும் உனக்குத் தாங்காது.

போட்டோ இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று ஓய்வூதிய அட்டைக்கு எடுத்தது, அதை இதோடு வைத்திருக்கிறேன். இன்னொன்று அம்மாவின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறது. கிடங்கில் இருந்து ஏறி வந்ததும் கூட்டாளிகளோடு எடுத்தது. எல்லோரும் தலையிலிருந்து கால்வரை கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. அதுதான் அப்பா. மாட்டுவதென்றால் அதை மாட்டு, இங்கேயே நகல் எடுத்து அனுப்புகிறேன்.

அவர் கூட்டாளிகளுக்குச் சொல்லி அனுப்பு. அவர்களில் யாராவது போய்விட்டால் மற்றவர்கள் கூடி, போனவனின் மானத்தை வாங்குகிற கதையாக ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். புகழ்ந்து பேசுகிறவன் அன்றைக்கு எல்லோருடைய பாத்திரத்தையும் கழுவ வேண்டும். அப்பா அந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போய்விட்டுக் கண் சிவந்து சிரித்துக்கொண்டே வருவார். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? எங்கள் வங்கிக் கிளையில் தணிக்கை நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை.

அட்டைப் போட்டோ போதும். அந்தக் கறுப்புப் படம் வேண்டாம். அதில் எது அப்பா என்றே தெரியாது, ஏதோ நிலக்கரிக் கிடங்கு மாதிரி இருக்கிறது. மலரில் "பொறியியல் பிரிவில் அரும்பணி ஆற்றினார்" என்று போட்டிருக்கிறேன். அது பொய் இல்லையே.

சங்கத்தின் மூலமாக அவர் கூட்டாளிகளுக்கு அழைப்பு போகிறது. உன்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தத் தொப்பிக் கதையை இங்கிருந்து யாராவது போன் செய்து கேட்டால் சொல்லாதே. பெரிய மனிதர்கள் வருகிற இடம். அம்மாவுக்குப் பயணம் தாங்காது, கூட்டி வர வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று போனிலும் கடிதத்திலும் மூன்று மாதமாக அதே வார்த்தைகளில் கேட்கிறாய். ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறாயா? கால் கெட்டுப்போகவில்லை, ஆறவும் இல்லை. "உங்கப்பா மோந்து பாப்பாரே, நீ பாத்தியாடி?" என்று தினம் கேட்கிறாள். "பாத்தேம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.

பெரிய மனிதர்கள் வருகிற இடம் என்று நீ எழுதியதைப் படித்ததும் உன் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது. விடுமுறையில் அப்பா உன்னைக் கூட்டிப்போக வருவார். வருவதற்கு முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். ஆனாலும் நீ, "வாசலுக்கு வராதீங்க, மருந்துக்கடை முக்குல நில்லுங்க" என்று சொல்லியிருந்தாய். அவரும் அங்கேயே நிற்பார். நீ நண்பர்கள் எல்லோரும் போன பிறகுதான் அந்தப் பக்கம் நடப்பாய். ஒரு நாள் நான் அவரிடம், "ஏம்பா இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "இங்க நிழல் இருக்கு" என்றார். அங்கே நிழலே கிடையாது.

அது பத்து வயதுப் பையன் செய்தது, போகட்டும். இப்போது உனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. செத்த பிறகும் அவரை முக்கில்தான் நிறுத்துவாயா?

ஸ்டூடியோக்காரர் மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்றாயே, அந்த மற்றது என்ன? உடனே பதில் போடு.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

படம் தயாராகிவிட்டது. சிறிய பிரதி ஒன்றும் அழைப்பிதழும் இணைத்திருக்கிறேன். மிகவும் நன்றாக வந்திருப்பதாகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நீயும் நல்ல மனதோடு பார்.

தம்பி


மே 13

என்னவென்று கூப்பிட்டு எழுதுவது என்றே தெரியவில்லை.

உறையைப் பிரித்ததும் யாரோ வெளியாளின் படம் தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ இருக்கிறது. வெள்ளை உடுப்பு, தோளில் மூன்று தங்கப் பட்டை, தலையில் அதிகாரித் தொப்பி. நெற்றியில் இருந்த தீக்காயத்தைக்கூட வழித்துத் துடைத்திருக்கிறாய். ஊரில் பாதிப் பேருக்குச் சீருடை தைத்துக் கொடுத்து வயிறு வளர்ப்பவள் நான். பஸ் டிரைவருக்கு ஒரு பட்டை கூடுதலாக வைத்துத் தைத்தாலே டிப்போவில் கேள்வி வரும். கடற்படைச் சங்கத்தின் கூடத்தில் கொண்டுபோய் இதை மாட்டப்போகிறாய்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "யாருடி இது? நமக்கு ஏன் அனுப்பியிருக்கான்?" என்றாள். அப்பா என்று சொன்னேன். "அவருக்கு ஏன் வேஷம் கட்டியிருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் படத்தைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். நானும் சோப்புப் போட்டுக் கழுவினேன். சீழைத் தொட்டபோதுகூட எனக்கு இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை.

நம் தெருக்கோடி வீட்டுக்காரர் ஒரு விருந்துக்கு அண்ணனுடைய பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? செத்த எலியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவிச் சாப்பிடுகிற அப்பா, அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். "மலத்த மிதிச்சா கழுவிக்கலாம். உழைக்காத பட்டய மாட்டிக்கிட்டா எதப் போட்டுக் கழுவுறது?" என்றார். அதன் பிறகு அந்த மனிதரோடு கடைசிவரை பேசவில்லை. அதைத்தான் இப்போது அவர் தோளிலேயே தைத்துவிட்டிருக்கிறாய். அவரால் எழுந்து போகவும் முடியாது.

அதைக் கிழித்துப் போடு. இல்லாவிட்டால் ஏன் என்று காரணம் சொல்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

காரணம் கேட்டாய். என் மகளுக்குப் பேசி வைத்திருக்கிற பையனின் அப்பா கடற்படையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது சுவரெல்லாம் வாளும் பதக்கமுமாக இருந்தது. "உங்கப்பாவும் கடற்படையாமே, என்னவா இருந்தாரு?" என்று கேட்டார். என் வாயில் இருந்து, "அவரும் அதிகாரிதான்" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு எப்படி விழுங்குவது? அவர்தான், "அப்ப சங்கத்துல படம் வைக்கலாமே" என்று இழுத்துவிட்டார். நான் ஒன்றைச் சொல்ல, அது ஒன்றில் கொண்டுபோய் விட்டது.

ஒரே ஒரு நாள், அக்கா. விழா முடிந்து கல்யாணமும் முடிந்தால் படத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மகள் முகத்தை நினைத்துப் பார். அப்பா இருந்தால் பேத்திக்காக இதைப் பொறுத்துக்கொண்டிருப்பார். நீ வர வேண்டாம். வந்தால் உன் வாய் சும்மா இருக்காது.

தம்பி


மே 30

தம்பிக்கு,

வரமாட்டேன். யாருக்கும் போன் செய்யவும் மாட்டேன். உன் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

பேத்திக்காக அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்தான். முக்கில் நின்றவர் ஆயிற்றே. ஆனால் அதை நீ சொல்லாதே.

அவர் கூட்டாளிகளை நீயேதான் கூப்பிட்டிருக்கிறாய். அவர்களுக்குக் கண் இன்னும் தெரிகிறது.

அக்கா


ஜூன் 19

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவின் கூட்டாளி, கப்பலில் விசில் ஊதிக்கொண்டிருந்த விசில் மாமா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம். உன் அம்மாவுக்கு என் வணக்கம். அந்தம்மாவின் கால் ஆறிவருகிறதா?

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் நடந்ததை நீ மற்றவர்கள் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்பது நல்லது. நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். தொப்பியின் மானத்தை வாங்க ஆளுக்கு ஒரு கதை தயார் செய்துகொண்டு போனோம். நான் பஸ்ஸில் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

திரையை விலக்கினார்கள். நாங்கள் படத்தில் தொப்பியைத் தேடினோம். தங்கப் பட்டையோடு ஓர் அதிகாரி இருந்தார். அதிகாரி என்றால் எங்கள் முதுகு தானாக நிமிர்ந்துவிடும், எழுந்து நின்று ஆறு பேரும் வணக்கம் வைத்தோம். கை தட்டினார்கள். உன் தம்பி பூரித்துப்போய், "அப்பாவுடன் பணியாற்றியவர்கள் இப்போது பேசுவார்கள்" என்று மைக்கில் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். நான் படத்தைத் திரும்பி ஒரு தடவை பார்த்தேன். "அதிகாரிங்களப் பத்தி அடித்தளத்துக்காரங்க மேடையில பேசுற வழக்கம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், உன் தம்பிக்குச் சம்பந்தியாக வேண்டியவராம், என்னிடம் வந்து, "இவர் எந்தக் கப்பல்ல இருந்தாரு?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை மகளே. "இந்தப் படத்துல இருக்கிறவர எங்களுக்குத் தெரியாதுங்க" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு உன் தம்பியைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு இருக்காமல் போய்விட்டார்.

நாங்களும் அங்கே கை நனைக்கவில்லை. எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். தொப்பியின் மானத்தை அங்கே ஒரு இழை விடாமல் வாங்கினோம். கடைக்காரரே கல்லாவை விட்டு வந்து நின்று கேட்டார். நாங்கள் அழுதோமா சிரித்தோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடுவில் பார்த்தால் உன் தம்பி சங்கத்து வாசலில் தனியாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடலாமா என்று ஒருவன் கேட்டான். யாரும் கூப்பிடவில்லை.

என் மேல் கோபம் இருந்தால் எழுது. தாங்கிக்கொள்வேன்.

விசில் மாமா


ஜூலை 24

அக்காவுக்கு,

நலம் என்று எழுதத் தோன்றவில்லை. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

விழாவைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பையன் வீட்டில் இருந்து இதுவரை ஒரு வார்த்தையும் இல்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் மகள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். சங்கத்தில் படத்தை இறக்கி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பக்கம் தூங்கப் பிடிக்கவில்லை.

அந்தக் கறுப்புப் படத்தை அனுப்புகிறாயா? சங்கத்துக்கு இல்லை. பையன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். நீயும் அம்மாவும் என்ன நினைத்தாலும் சரி.

தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

தபாலில் அனுப்பமாட்டேன். நகல் எடுக்கக்கூட அம்மா இப்போது அதைச் சுவரில் இருந்து இறக்கவிட மாட்டாள். வேண்டுமானால் நீ வந்து கேட்டு வாங்கிக்கொள்.

சும்மா கேட்டாலும் தரமாட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரச் சொல்லு. ஒரு நாள் என் கால் கட்டப் பிரிச்சுக் கட்டட்டும். அப்புறம் பேசலாம்." கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வராதே. நர்ஸைக் கூட்டிக்கொண்டும் வராதே.

இரண்டு நாளாக அம்மாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. வெயில்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நான் நலம், இந்த முறை நீ நம்பலாம்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் நாம் உட்கார்ந்து பேசவே முடியவில்லை. நீ கவனிக்காத ஒன்றிரண்டு உண்டு, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ வந்த அன்று நான் அடுப்படி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். உதவிக்கு வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் நின்றேன். நீ இஸ்திரி போட்ட பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை மடியில் வாங்கினாய். கட்டின் கடைசிச் சுற்றைப் பிரித்ததும் உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீ எழுந்து பின்பக்கம் ஓடினாய். ஓடட்டும், இவ்வளவுதான் இவன் என்று நினைத்தேன். நீ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தமும் துடைப்பத்தின் சத்தமும் கேட்டன. எடுத்ததை நீயே கழுவிவிட்டாய். அந்த நேரத்தில் அம்மா என்னைப் பார்த்து, "அவருக்கும் மொத நாள் அப்படித்தான்" என்றாள். அது உனக்குக் கேட்டிருக்காது.

நீ திரும்பி வந்து உட்கார்ந்தாய். யாரும் சொல்லாமலே குனிந்து மோந்தாய். "அக்கா, இது இனிக்கிற மாதிரி வாசம் அடிக்குது" என்றாய். உன்னை அம்மாவைத் தூக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நன்றி. இத்தனை மாதமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டியவள் நான். தினம் தொட்டேன், தினம் துடைத்தேன், ஒரு நாள்கூட மோந்து பார்க்கவில்லை. உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

நேற்று கட்டைப் பிரித்து நானும் குனிந்தேன். பழைய துணி வாசம்தான். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்டி, நீ மூச்சு விடுற சத்தமே கேக்காதே" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தடவினாள்.

நீ வந்த காரியத்தையே மறந்துவிட்டுப் போய்விட்டாய். கறுப்புப் படம் சுவரிலேயே இருக்கிறது. அம்மா அதைத் துடைத்து வைத்திருக்கிறாள், உனக்குத் தருவதாகச் சொல்கிறாள். அடுத்த மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குத் தொப்பிக் கதையை நீதான் சொல்ல வேண்டும், சாப்பிடும்போது. பையன் வீட்டுக்கு அவளே அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் வேண்டாம் என்றால், அந்த வீட்டுக்கு அவள் போகாமல் இருப்பதே நல்லது.

கட்டிலுக்கு அடியில் இருப்பதை எரிக்காதே. சட்டத்தைக் கழற்றி எடுத்து வா. கறுப்புப் படத்துக்குப் பழைய சட்டம் செல்லரித்துவிட்டது.

ஒன்று மட்டும். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று இனிமேல் கடிதத்தில் கேட்காதே. வந்து மோந்து பார்.

அக்கா